என்க்ளெக்ஸ் முதல் முறை கைவிட்டது: 45 நாள் முடிந்ததும் எழுதலாமா?

கேள்வி: என் ஊர் கொழிஞ்சாம்பாறை. கோவையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பாலக்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். சென்னையில் என்க்ளெக்ஸ் ஆர்.என். (அமெரிக்காவில் ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸாக உரிமம் பெறும் தேர்வு) எழுதினேன். 138ஆவது கேள்வியில் கணினி நின்றது, ஃபெயில். அறிக்கையில் மேனேஜ்மென்ட் ஆஃப் கேர் (பராமரிப்பு நிர்வாகம்), மருந்தியல் இரண்டும் ‘பிலோ’ (தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழே), மற்றவை ‘நியர்’ (கோட்டை ஒட்டி). 45 நாள் ஆனதும் எழுதிவிடுங்கள் என்கிறார் ஏஜென்ட். வேலையை விட்டுவிட்டுக் கோட்டயத்தில் ஹாஸ்டலில் தங்கி மறுபடி கோச்சிங் போ என்கிறார் அக்கா. யார் சொல்வதைக் கேட்பது? இந்த ஃபெயில் விசாவில் தெரியுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். விசாவுக்குத் தேவையான விசாஸ்கிரீன் சான்றிதழுக்கு நீங்கள் பாஸ் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனையாவது முறை பாஸ் ஆனீர்கள் என்பது அங்கே கணக்கில் இல்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். நீங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் அது எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று இன்றே பாருங்கள். இன்னும் எழுதவில்லை என்றால் என்க்ளெக்ஸ் முடியும் வரை அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது அந்த 138. இந்தத் தேர்வில் குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்று 95 சதவீத உறுதி கிடைத்த இடத்தில் கணினி நிற்கும். 85இலேயே நின்று ஃபெயில் என்றால் அடித்தளமே பலவீனம் என்று பொருள். உங்கள் விஷயத்தில் முடிவெடுக்க அதற்கு இன்னும் 53 கேள்விகள் தேவைப்பட்டிருக்கின்றன. அத்தனை நேரமும் கோட்டை ஒட்டியே நின்றிருக்கிறீர்கள். எல்லாப் பாடத்தையும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை.

‘பிலோ’ வந்த இரண்டு பகுதிகளின் எடையையும் பாருங்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தேர்வுத் திட்டப்படி மேனேஜ்மென்ட் ஆஃப் கேர் 15 முதல் 21 சதவீதம், மருந்தியல் 13 முதல் 19 சதவீதம். சேர்த்தால் 28 முதல் 40 சதவீதம். எட்டுப் பகுதிகளில் இவை இரண்டும்தான் மிகப் பெரியவை. இந்த இரண்டையும் ‘நியர்’ வரை கொண்டுவந்தாலே நிலைமை மாறிவிடும்.

நான்கு வருட ஐ.சி.யூ. அனுபவம் இருந்தும் மேனேஜ்மென்டில் ஏன் விழுந்தது என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். அந்த அனுபவமே பாதிக் காரணமாக இருக்கலாம். நம் வார்டில் சரியாக இருக்கிற பழக்கங்கள் சில, அந்தத் தேர்வில் தவறான விடை.

உங்கள் ஊர்ப் பக்கத்து மருத்துவமனைகளில் டாக்டர் மலையாளத்தில் சொல்வார், நோயாளி தமிழில் விழிப்பார். நீங்களோ நோயாளிக்குத் துணையாகப் பக்கத்தில் நிற்கும் பைஸ்டாண்டரோ மொழிபெயர்ப்பீர்கள். அது தினசரி நடப்பது, யாரும் தவறாக நினைப்பதில்லை. என்க்ளெக்ஸில் குடும்பத்தாரை மொழிபெயர்க்கச் சொல்லும் விடை தவறு. பயிற்சி பெற்ற மருத்துவ மொழிபெயர்ப்பாளரை அழைப்பதுதான் சரி. நோய் என்னவென்று மகனிடம் முதலில் சொல்லி, அம்மாவிடம் மறைப்பதும் நமக்குப் பழக்கம். அங்கே நோயாளியின் அனுமதி இல்லாமல் மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அறுவை சிகிச்சையை விளக்குவது டாக்டரின் வேலை. நர்ஸ் கையெழுத்துக்குச் சாட்சி மட்டும். நோயாளிக்குப் புரியவில்லை என்று தெரிந்தால் நீங்களே விளக்க உட்காராமல் டாக்டரைத் திரும்ப வரவழைக்க வேண்டும்.

டியூபைப் பிடுங்கும் நோயாளியின் கையைக் கட்டுவதும் அப்படித்தான். தேர்வில் அது கடைசி வழி. முதலில் நர்ஸ் ஸ்டேஷனுக்கு அருகே உள்ள படுக்கைக்கு மாற்றுவது, துணைக்கு ஆள் வைப்பது, டியூபை மறைத்து வைப்பது. அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரின் ஆர்டரோடு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சில், கட்டில் சட்டத்தில் கட்ட வேண்டும். பக்கக் கம்பியில் கட்டினால் தவறு, ஏனென்றால் கம்பியை இறக்கும்போது கை இழுபடும்.

இன்னொன்று மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். “கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்” என்று நாம் அன்போடு சொல்வது அங்கே பொய்யான ஆறுதல் என்று கழிக்கப்படும். ‘ஏன் அப்படி நினைக்கிறீங்க’ என்று கேட்பதும் பெரும்பாலும் தவறு. நோயாளி சொன்னதை எடுத்துக்கொண்டு மேலும் பேசவைக்கும் விடையைத் தேடுங்கள்.

வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் கேள்விகள்தான் உண்மையான சறுக்கல். நம்மிடம் எல்.பி.என். (ஆர்.என்.னுக்கு அடுத்த கீழ்ப்படி நர்ஸ்) என்ற படிநிலை இல்லாததால் மனதில் படமே பதிவதில்லை. இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மதிப்பீடு, முதல் முறை கற்பிப்பது, சிகிச்சை பலன் தந்ததா என்று முடிவு செய்வது, நிலை தடுமாறும் நோயாளி ஆகியவை ஆர்.என். கையை விட்டுப் போகவே கூடாது. எல்.பி.என்.னுக்கு நிலையாக இருக்கும் நோயாளிகள், வாய்வழி மருந்து, நீங்கள் ஏற்கெனவே கற்பித்ததை நினைவூட்டுவது. உதவியாளருக்குக் குளிப்பாட்டுவது, நடக்கவைப்பது, இன்டேக்-அவுட்புட் குறிப்பது, நிலையான நோயாளியின் வைட்டல்ஸ்.

யாரை முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கு ஓர் உதாரணம். நான்கு பேர்: வலி 10க்கு 6 என்று சொல்லும், நேற்று பித்தப்பை எடுத்தவர், ஆக்சிஜன் 90 சதவீதம் காட்டும் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளி, சர்க்கரை 210 உள்ளவர், இடுப்பு எலும்பு அறுவை முடிந்து இரண்டாம் நாளில் திடீரெனப் பதற்றமும் மூச்சிரைப்பும் வந்தவர். 90 என்ற எண்ணைப் பார்த்ததும் ஐ.சி.யூ. கண் அங்கே ஓடும். ஆனால் சி.ஓ.பி.டி.யில் 90 எதிர்பார்த்த எண். இடுப்பு அறுவைக்காரருக்கு வந்திருப்பது எதிர்பாராதது, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அவரிடம்தான் முதலில் போக வேண்டும். எந்த எண் மோசம் என்று தேடுவதை விட்டு, இந்த நோயில் இது எதிர்பார்த்ததா என்று கேட்கப் பழகுங்கள்.

மருந்தியலில் முதல் தடை பெயர். தேர்வில் வருவது அமெரிக்கப் பொதுப்பெயர். நமக்கு பாராசிட்டமால், அங்கே அசிட்டமினோஃபென். சால்புட்டமால் அங்கே அல்புட்டரால். அட்ரினலின் என்றால் எபிநெஃப்ரின், பெத்திடின் என்றால் மெப்பெரிடின், லிக்னோகெய்ன் என்றால் லிடோகெய்ன், கிளிபென்கிளமைட் என்றால் கிளைபுரைட், ரிஃபாம்பிசின் என்றால் ரிஃபாம்பின். ஒரு தாளில் எழுதி டூட்டி ரூம் லாக்கர் கதவில் ஒட்டினால் ஒரு வாரத்தில் மனதில் ஏறிவிடும்.

பிறகு ஆபத்தான மருந்துகள். டிஜாக்சின், வார்ஃபரின், ஹெப்பாரின், லித்தியம், மெக்னீசியம் சல்பேட், இன்சுலின், பொட்டாசியம் என்று தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த அளவில் பாதுகாப்பு, எது முதல் எச்சரிக்கை அறிகுறி, அளவு மீறினால் முறிக்கும் மருந்து என்ன என்று மூன்று பதில் வேண்டும். மெக்னீசியத்துக்கு முழங்கால் ரிஃப்ளெக்ஸ் மறைவது, மூச்சு நிமிடத்துக்கு 12க்குக் கீழே போவது, சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே குறைவது; நிறுத்திவிட்டுக் கால்சியம் குளுகோனேட். வார்ஃபரினுக்கு ரத்த உறைவு அளவான ஐ.என்.ஆர். 2 முதல் 3, முறிக்கும் மருந்து வைட்டமின் கே. ஹெப்பாரினுக்குப் பார்க்க வேண்டிய உறைவுப் பரிசோதனை ஏ.பி.டி.டி., முறிக்கும் மருந்து புரோட்டமின். பொட்டாசியத்தை நேரடியாக ஐ.வி. புஷ் கொடுக்கும் விடை எந்தக் கேள்வியிலும் சரியாகாது.

கணக்கில் கைப்பழக்கம் ஏமாற்றும். 50 மில்லி சிரிஞ்ச் பம்பில் பழகியவர்கள், 250 மில்லியில் 25,000 யூனிட் ஹெப்பாரின் என்று கேள்வி வந்தாலும் மனதுக்குள் 50ஐயே வைத்துப் போடுவார்கள். 25,000ஐ 250ஆல் வகுத்தால் மில்லிக்கு 100 யூனிட். மணிக்கு 1,200 யூனிட் வேண்டும் என்றால் 12 மில்லி. 50ஐ வைத்துப் போட்டால் 2.4 வரும். ஒவ்வொரு கணக்கிலும் முதல் வரியாக மில்லிக்கு எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். எத்தனை தசமத்துக்கு முழுமையாக்க வேண்டும் என்பது கேள்வியிலேயே இருக்கும், அதையும் படியுங்கள்.

‘பொருந்துவன அனைத்தும் தேர்ந்தெடுக்கவும்’ வகைக் கேள்வியில் பகுதி மதிப்பெண் உண்டு. ஆனால் சரியானதற்கு ஒன்று கூடும், தவறானதற்கு ஒன்று குறையும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. மூன்று சரி, இரண்டு தவறு என்று ஐந்தையும் அழுத்தினால் கிடைப்பது ஒன்று. இரண்டை மட்டும் உறுதியாக அழுத்தினால் கிடைப்பது இரண்டு. இத்தனை எண்ணிக்கை தேர்ந்தெடுக்கவும் என்று எண் கொடுத்திருந்தால் தவறுக்குக் கழிவு இல்லை, அங்கே ஒன்றையும் காலியாக விடாதீர்கள். ஆறு கேள்வி கொண்ட கேஸ் ஸ்டடி மூன்று கட்டாயம் வரும். அவற்றில் நர்ஸ் நோட்ஸ், லேப், வைட்டல்ஸ் என எல்லாத் தாவல்களையும் திறந்து பார்த்த பிறகே விடைக்குப் போங்கள்.

இனி ஏஜென்ட் சொன்னது. இரண்டு முயற்சிக்கு நடுவே குறைந்தது 45 நாள் என்பதும், வருடத்துக்கு 8 முறை வரை எழுதலாம் என்பதும் இந்தத் தேர்வை உருவாக்கும் அமைப்பான என்.சி.எஸ்.பி.என். விதி. நீங்கள் உரிமம் கேட்கும் அமெரிக்க மாநிலத்தின் நர்சிங் போர்டு அதைவிடக் கடுமையாக இருக்கலாம். ஃபுளோரிடாவில் மூன்று முறை விழுந்தால் அவர்கள் அங்கீகரித்த சீர்திருத்தப் படிப்பை முடித்தாக வேண்டும். உங்கள் போர்டு எது, மறுதேர்வுக்குத் தனி விண்ணப்பமும் கட்டணமும் கேட்கிறதா என்று போர்டின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். 45 என்பது அதற்கு முன் எழுதக் கூடாது என்று தடுக்கும் எண். அதை இலக்காக வைக்காதீர்கள். ஷிஃப்ட் வேலையோடு படிப்பவருக்கு 80 முதல் 90 நாள் நியாயமான இடைவெளி.

தேர்வை நடத்தும் நிறுவனமான பியர்சன் வியூவில் மறுபடி பதிவு செய்ய 200 டாலர். இந்தியாவில் எழுதுவதால் மேலும் 150 டாலரும் வரியும். போர்டு தகுதியை உறுதி செய்ததும் புதிய ஏ.டி.டி. (தேர்வு எழுதும் அனுமதி) மின்னஞ்சலில் வரும். பலருக்கு அது சுமார் 90 நாள்தான் செல்லும், நீட்டிக்க மாட்டார்கள். காலாவதியானால் கட்டணம் போனதுதான். அதனால் ஃபெயில் ஆன மறுநாளே பதற்றத்தில் பணம் கட்ட வேண்டாம். ஒரு மாதம் படித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஏ.டி.டி. வந்த அன்றே சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் மூன்றிலும் தேதி பாருங்கள்.

பியர்சன் கணக்கில் உள்ள மின்னஞ்சல் யாருடையது? ஏஜென்டுடையது என்றால் அதை உங்களுடையதாக மாற்றக் கேளுங்கள். ஏ.டி.டி., தேதி, எல்லா அறிவிப்பும் அங்கேதான் வரும். பெயரும் அப்படியே. நம் சான்றிதழ்களில் இனிஷியல் ஓர் எழுத்தாக இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். இந்திய மையத்தில் பாஸ்போர்ட் ஒன்றே அடையாளம். ஏ.டி.டி.யில் உள்ள பெயர் அதோடு பொருந்தாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. முதல் முறை பிரச்சினை வரவில்லை என்றாலும், நடுவில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் மறுபடி சரிபாருங்கள்.

அக்கா சொல்வதற்குப் பதில் ஒரு நோட்டில் இருக்கிறது. அடுத்த பத்து நாள், தினம் 50 கேள்வி கலந்து போடுங்கள். தவறான ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: ‘தெரியாது’, ‘சரியாகப் படிக்கவில்லை’, ‘இரண்டில் ஒன்றை மாற்றிப் போட்டேன்’. பாதிக்கு மேல் ‘தெரியாது’ என்று வந்தால் அக்கா சொல்வது சரி, வகுப்பு உதவும். மற்ற இரண்டும் அதிகம் என்றால் கோட்டயம் போய் அதே குறிப்புகளை மறுபடி எழுதி எடுப்பதில் பயன் குறைவு. 138 வரை போனவருக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் வரும். அப்படியானால் வேலையை விட வேண்டாம். நைட் டூட்டியைக் குறைத்துக் கேளுங்கள், சேர்த்து வைத்த லீவைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் வேலை நாளில் 60 கேள்வி, ஓய்வு நாளில் 100. கேள்வி போட ஆகும் நேரத்தைவிட விளக்கம் படிக்க இரு மடங்கு நேரம் ஆக வேண்டும், சரியாகப் போட்டதற்கும்தான். முதல் மாதம் மேனேஜ்மென்டும் மருந்தும் மட்டும், பிறகு எல்லாம் கலந்து. கடைசி மூன்று வாரத்தில் வாரம் ஒரு முறை 85 கேள்வி எழுந்திருக்காமல்; ஒரே ஒரு முறை 150, ஐந்து மணி நேரம். அதை அறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு செய்யாமல், மேசையில் உட்கார்ந்து, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

தேர்வு சென்னையில் என்றால் முந்தின நாளே போய்விடுங்கள். இரவு ரயிலில் கிளம்பி விடியற்காலையில் சென்ட்ரலில் இறங்கி நேராக மையத்துக்குப் போகும் திட்டம் வேண்டவே வேண்டாம். 30 நிமிடம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஓர் இடைவேளை தருவார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கேள்விக்குச் சராசரி இரண்டு நிமிடம் என்று வைத்தாலே 150ம் முடியும். விட்டதற்குத் திரும்பிப் போக முடியாது, அதனால் விடை அழுத்திய கேள்வியை அங்கேயே விடுங்கள்.

அன்றிரவு பலர் பியர்சனில் மறுபடி பதிவு செய்து பார்த்து, வரும் செய்தியை வைத்து ரிசல்ட் ஊகிப்பார்கள். அது அதிகாரபூர்வமானது அல்ல, கார்டிலிருந்து 200 டாலர் போய்விடவும் கூடும். முறையான முடிவு உங்கள் போர்டிடமிருந்துதான் வரும். ஆறு வாரம் வரை ஆகலாம்.