யதார்த்தவாதிகள் வென்ற கதை

அன்புள்ள ஐயா,

சர்வதேச உறவுகள் துறையின் சிந்தனை வரலாற்றில் ஆய்வு தொடங்கியிருக்கிறேன். பாடநூல்கள் எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்கின்றன: முதல் உலகப்போர் முடிந்ததும், சட்டத்தாலும் சர்வதேச அமைப்புகளாலும் போரைத் தடுக்கலாம் என்று நம்பிய இலட்சியவாதிகள் வந்தார்கள், பிறகு நாடுகளுக்கிடையே அதிகாரமே முடிவு செய்கிறது என்ற யதார்த்தவாதிகள் அவர்களை வாதத்தில் வென்றார்கள். இதை அடிப்படையாக வைத்து முக்கிய நூல்களை வரிசையாகப் படித்தால் போதுமா?

ஓர் ஆய்வு மாணவி

போதாது. அந்தக் கதையை அடிப்படையாக வைக்காதீர்கள், அதையே ஆய்வுப்பொருளாக்குங்கள். 1990களில் பீட்டர் வில்சன், பிரையன் ஷ்மிட் போன்ற ஆய்வாளர்கள் போர்களுக்கு இடைப்பட்ட கால எழுத்துகளைத் திரும்பப் படித்தபோது, பாடநூல் சொல்லும் இலட்சியவாத அணி அகப்படவே இல்லை. பலதரப்பட்டவர்களை ஒரே கூண்டில் நிறுத்தியதில், யதார்த்தவாதியாக அறியப்படும் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஈ. எச். காருக்குப் பெரிய பங்கு உண்டு.

அவருடைய 'இருபதாண்டு நெருக்கடி' நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1939 பதிப்பையும் போருக்குப் பிந்தைய இரண்டாம் பதிப்பையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முதல் பதிப்பில், சண்டையில்லாமல் மாற்றம் கொண்டுவருவதற்கு நெருங்கிய உதாரணமாக, செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938 மியூனிக் பேச்சுவார்த்தையைக் காட்டுகிறார். இரண்டாம் பதிப்பில் அந்தப் பகுதி காணாமல் போய்விடுகிறது. பிறகு மறுஅச்சாகிப் பரவியது பெரும்பாலும் இரண்டாவதுதான். அதை மட்டும் படித்தால் கார் எக்காலத்துக்குமான யதார்த்தவாதியாகத் தெரிவார். முதலாவதைப் படித்தால், ஜெர்மனிக்கு விட்டுக்கொடுக்கும் கொள்கைக்காகப் பேசுகிற 1939ஆம் வருடத்து பிரிட்டிஷ்காரர் தெரிவார். நூல் என்ன சொல்கிறது என்பதோடு நிற்காமல், அதை எழுதி ஆசிரியர் என்ன செய்யப் பார்த்தார் என்றும் கேட்கச் சொன்னார் அரசியல் சிந்தனை வரலாற்றாசிரியர் குவென்டின் ஸ்கின்னர், 1969இல். அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சூழல், சூழல் என்று எல்லாவற்றையும் போர்மீது போட்டுவிடுவதும் சோம்பேறித்தனம்தான். துறைக்குள் நடந்த உரையாடலே பல மாற்றங்களை விளக்கும் என்று ஷ்மிட் வாதிடுவது அதனால்தான். எனக்கு அவரிடம் உடன்பாடு உண்டு, ஒரு குறையோடு: உரையாடலில் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

அதற்குப் பழைய இதழ்கள் வேண்டும். 1919இல் வேல்ஸின் ஏபரிஸ்ட்வித்தில் இதற்கான முதல் பேராசிரியர் பதவி உருவானதோடு துறை பிறந்தது என்பார்கள். ஆனால் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்திலிருந்து 1910 முதலே 'ஜர்னல் ஆஃப் ரேஸ் டெவலப்மென்ட்' வந்துகொண்டிருந்தது. 1919இல் பெயரில் இருந்த 'ரேஸ் டெவலப்மென்ட்' (இன வளர்ச்சி) போய் 'இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்' (சர்வதேச உறவுகள்) வந்தது. 1922இல் அது 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழோடு கலந்தது. இனமும் காலனி ஆட்சியும் அந்த இதழின் பக்கங்களில் எவ்வளவு இடம் பிடித்தன என்று பொருளடக்கத்தைப் புரட்டினாலே தெரியும். முக்கிய நூல்களின் பட்டியலை அப்புறம் போடுங்கள்.