பூட்டனாரின் கப்பலை எந்த ஆவணத்தில் தேடுவது?

கேள்வி: எங்கள் பூட்டனார் வல்வெட்டித்துறையில் இரட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்று வைத்திருந்தார். 1890க்கும் 1910க்கும் இடையில் அது ஊரிலேயே கட்டப்பட்டது என்றும், நாகப்பட்டினத்துக்கும் இரங்கூனுக்கும் ஓடியது என்றும் அப்பாச்சி சொல்லியிருக்கிறார். பெயர் ‘லட்சுமி’ என்று முடியும் என்பதைத் தவிர எழுத்தில் எங்களிடம் எதுவும் இல்லை. கப்பலை உடைத்த மரத்தில் ஒரு துண்டு ஊர் வீட்டில் உத்தரமாக இருக்கிறது. கொழும்பிலோ சென்னையிலோ ஆவணம் கிடைக்குமா? நான் டொராண்டோவில் வசிக்கிறேன். ஒரு மாத விடுப்பில்தான் வர முடியும்.

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கப்பலின் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்தின் வாசலில் போய் நின்றால், ஒரு மாதமும் வீணாகப் போகும். நம் ஊர்க் கப்பல்களின் வரலாற்றை எழுதிவைக்க வேண்டும் என்று எந்த அரசும் நினைத்ததில்லை. உடைமையைப் பதிவு செய்தபோதும், சுங்கம் வாங்கியபோதும், வழக்கு வந்தபோதும் கப்பல் தற்செயலாக எழுத்தில் ஏறியது. ஆகவே அந்த மூன்றையும் எந்த அலுவலகம் எந்தச் சட்டத்தின்படி செய்தது என்பதிலிருந்தே தேடலைத் தொடங்க வேண்டும்.

பெயரை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் லட்சுமி என்று முடியும் கப்பல்களுக்குக் குறைவே இல்லை. அதற்கு மேல், ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல் வேறு இருக்கிறது. லட்சுமி என்பதை ‘எல்’லில் தொடங்கும் நான்கைந்து வடிவங்களில் தேடியே ஆக வேண்டும், முன்னால் ஓர் ‘ஐ’ சேர்த்து ‘இலட்சுமி’ என்று எழுதியிருக்கவும் கூடும். தோணி என்ற சொல் சில ஏடுகளில் டி-ஓ-என்-இ-ஒய் என்றும், வேறு சிலவற்றில் டி-எச்-ஓ-என்-இ-ஒய் என்றும் இருக்கும். ஊர்ப் பெயர்களும் அப்படியே: நாகப்பட்டினம் ‘நெகபட்டாம்’, ஊர்காவற்றுறை ‘கெய்ட்ஸ்’, பருத்தித்துறை ‘பாயின்ட் பெட்ரோ’. வல்வெட்டித்துறை சில இடங்களில் ‘வெல்வெட்டித்துறை’ ஆகிவிடும். தண்டையல் என்று உங்கள் ஊரில் சொல்லும் கப்பல் தலைவர் ஆங்கில ஏடுகளில் ‘டின்டல்’ ஆவார். இந்தியாவின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்திலும் பாய்மரக் கலத்தின் தலைவருக்கு அந்தச் சொல்தான். புறப்படும் முன் இந்த வடிவங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கப்பலின் அளவு. அக்காலத்தில் இலங்கை பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்ததால் 1854, 1894 ஆகிய ஆண்டுகளின் வணிகக் கப்பல் சட்டங்கள் உங்கள் பூட்டனாரின் கப்பலுக்கும் பொருந்தின. 15 டன்னுக்கு மேற்படாமல் கரையோரம் மட்டும் ஓடிய கலங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால் வள்ளங்களையும் சிறு தோணிகளையும் பதிவேட்டில் தேடிப் பயனில்லை. ஆனால் வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து இரங்கூனுக்கு ஓடிய இரட்டைப் பாய்மரக் கப்பல் நிச்சயமாக அந்த வரம்புக்கு மேற்பட்டது. உங்களுடைய வலுவான பிடி இதுதான்.

பதிவேட்டின் ஒரு பக்கத்தில் என்ன இருக்கும் என்று தெரிந்தால், அதற்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது விளங்கும். மேலே கப்பலின் அதிகாரபூர்வ எண். அதன் கீழே பெயர், பதிவுத் துறைமுகம், கட்டிய இடம், ஆண்டு, கட்டியவர் பெயர். ஓடாவியின், அதாவது கப்பல் கட்டும் தச்சரின், பெயர் எழுத்தில் கிடைக்கக்கூடிய மிகச் சில இடங்களில் இது ஒன்று; பல குடும்பங்களுக்குக் கப்பல் உடைமையாளரின் பெயரைவிட இதுவே பெரிய கண்டுபிடிப்பாக அமைகிறது. பிறகு தளங்கள் எத்தனை, பாய்மரங்கள் எத்தனை, பாய்க்கட்டு எந்த வகை, பின்புறம் எந்த வடிவம், முகப்பில் உருவம் செதுக்கியிருந்ததா என்ற விவரங்கள் வரும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் அடியிலும் அடியின் பத்தில் ஒரு பங்கிலுமாகத் தரப்பட்டிருக்கும். கடைசியில் உடைமையாளர்கள். அந்தச் சட்டத்தின்படி ஒரு கப்பல் 64 பங்குகளாகக் கணக்கிடப்படும். யாருக்கு எத்தனை பங்கு, அவர் எந்த ஊர், என்ன தொழில் என்பதும், பங்கு கைமாறினாலோ அடகு வைக்கப்பட்டாலோ அந்தச் செய்தியும் அங்கேயே எழுதப்படும். பூட்டனார் ‘கப்பல் வைத்திருந்தார்’ என்று குடும்பத்தில் சொல்வது 64இல் 16 பங்காகவும் இருக்கக்கூடும். அப்படித் தெரியவந்தால் ஏமாற்றம் கொள்ள வேண்டாம். கடலில் முதல் போட்டவர்கள் இழப்பைப் பகிர்ந்துகொள்ளவே பல கப்பல்களில் சிறு சிறு பங்கு வைத்தார்கள்.

இந்தப் பக்கத்தை அடைய நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு வேலை செய்யலாம். ‘மெர்கன்டைல் நேவி லிஸ்ட்’ என்ற பெயரில் 1857 முதல் இலண்டனில் ஆண்டுதோறும் வெளிவந்த கப்பல் பட்டியலில், குடியேற்ற நாடுகளில் பதிவான பாய்மரக் கப்பல்களும் அகர வரிசையில் உண்டு. அதில் எண், பதிவுத் துறைமுகம், கட்டிய இடம், ஆண்டு, உடைமையாளர் பெயர் ஆகியவை ஒரே வரியில் இருக்கும். பல ஆண்டுகளின் பக்கங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1890, 1900, 1910, 1920 ஆகிய ஆண்டுகளை எடுத்து, யாழ்ப்பாணப் பகுதியில் கட்டப்பட்டவை என்று குறித்த வரிகளை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பொறுமையாகப் பாருங்கள். பெயரை நோக்கித் தேடாமல் கட்டிய இடத்தை நோக்கித் தேடினால் எழுத்துக்கூட்டல் தொல்லை பாதி குறையும். லாயிட்ஸ் பதிவேட்டைப் பலரும் முதலில் எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் காப்பீட்டுச் சந்தைக்கான கப்பல்களைப் பற்றியது என்பதால் நம் கரைக் கலங்களுக்கு அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

எண் கிடைத்துவிட்டால் வேலை எளிது. பெயர் மாறினாலும் உடைமையாளர் மாறினாலும் எண் மாறாது; இறுதியில் பதிவு மூடப்பட்டபோது ‘கரை தட்டியது’, ‘உடைக்கப்பட்டது’, ‘வெளிநாட்டாருக்கு விற்கப்பட்டது’ என்று காரணமும் எழுதப்படும். மூடிய பதிவுகளின் படிகள் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தன. விற்பனை எப்படிப் பெயரை விழுங்கிவிடும் என்பதற்கு உங்கள் ஊரே சான்று. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’யை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தம் மனைவியின் பெயரால் ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ ஆக்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்திப் போய் 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கரை சேர்ந்த கப்பலை அமெரிக்க ஏடுகளில் ‘அன்னபூரணி’ என்ற பெயரை மட்டும் கொண்டு தேடுபவர் பாதியைத் தவறவிடுவார்.

இனி சுங்கம். இலங்கை அரசின் ஆண்டுப் புள்ளிவிவரத் தொகுதிகளான நீலப் புத்தகங்களிலும், சென்னை மாகாணத்தின் கடல்வழி வணிக ஆண்டறிக்கைகளிலும் துறைமுகம்தோறும் எத்தனை கலங்கள், எத்தனை டன், என்ன சரக்கு என்று அட்டவணைகள் நிறைந்திருக்கும். சென்னை அறிக்கைகள் நம் கலங்களை ‘நேட்டிவ் கிராஃப்ட்’ என்று தனியே பிரித்துக் காட்டும். ஒரு பருவத்தில் புகையிலை எவ்வளவு போனது, நெல் எவ்வளவு வந்தது என்று அறிய அவை அருமையானவை. ஆனால் அவற்றில் தனிக் கப்பலின் பெயர் வராது. அந்த அட்டவணைகளில் மூழ்கி இரண்டு வாரத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

பெயர் வேண்டுமானால் மனுக்களைத் தேட வேண்டும். சுங்க அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கோரும் மனு, புயலில் சரக்கை இழந்ததால் தீர்வையைத் திருப்பிக் கேட்கும் மனு, துறைமுக அதிகாரி கப்பலை நிறுத்திவைத்தார் என்னும் முறையீடு ஆகியவற்றில்தான் தண்டையலின் பெயரும் கப்பலின் பெயரும் சேர்ந்து வரும். நாகப்பட்டினம் அன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்ததால், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தஞ்சாவூர் மாவட்ட ஆவணங்களையும், உப்பு, சாராயம், சுங்கம் ஆகியவற்றைக் கவனித்த வருவாய் வாரியத் தனிப் பிரிவின் நடவடிக்கைகளையும் கேளுங்கள். அட்டவணைத் தொகுதிகளில் கோப்பு எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்தைக் கவனிப்பது அவசியம். சென்னை மாகாண வழக்கப்படி ‘ஆர்.டிஸ்.’ என்றால் நிரந்தரமாக வைக்கப்பட வேண்டியது, ‘டி.டிஸ்.’ பத்தாண்டு, ‘கே.டிஸ்.’ மூன்றாண்டு, ‘எல்.டிஸ்.’ ஓராண்டு வைத்துவிட்டு அழிக்க வேண்டியவை. அட்டவணையில் தலைப்பைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய் எல்.டிஸ். கோப்பைக் கேட்டு மூன்று நாள் காத்திருக்காதீர்கள்.

ஊருக்கு எதிர்க்கரையில் தேடச் சொல்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றும். சொந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தவராக இருந்த தண்டையல், அயல் துறையில் தான் யார், எந்த ஊர், கப்பல் யாருடையது என்று சொல்லியாக வேண்டியிருந்தது. அதனால்தான் அக்கரை ஆவணம் இக்கரை ஆவணத்தைவிடப் பலமுறை விரிவாக இருக்கிறது.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இரண்டைப் பாருங்கள்: வட மாகாண நிர்வாகத்தின் தலைவர்களான அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் ஆண்டு நிர்வாக அறிக்கைகளும். 1869 முதல் 1896 வரை யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்தவர் வில்லியம் துவைனம். அதே கூடத்தில் இருக்கும் ஒல்லாந்தர் கால ஆவணங்கள் 1796உடன் முடிந்துவிடுவதால் உங்கள் பூட்டனாருக்கு அவை உதவ மாட்டா. அவருக்கும் நான்கைந்து தலைமுறை முன்னே போக விரும்பினால் மட்டும், ஹேக் நகரில் உள்ள ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களை நாடலாம். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் அவர்கள் கையில் இருந்தது. அவற்றில் பல லட்சம் பக்கங்களைக் கணினி படித்து எழுத்தாக்கியிருப்பதால் டொராண்டோவிலிருந்தே சொல் தேடலாம், ஒல்லாந்து மொழி மட்டும் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பது கசப்பான கேள்வி. 1981இல் எரிந்த பொது நூலகத்தோடு ஈடுசெய்ய முடியாத பல சுவடிகளும் நூல்களும் போயின. ஆயினும் கப்பற் பங்கு சொத்துதான் என்பதால், சொத்து எழுதப்பட்ட இடங்களில் அது எழுதப்பட்டிருக்கலாம். பூட்டனாரின் பெண் மக்களுக்கு எழுதிய சீதன உறுதிகளைக் குடும்பத்தில் யாரிடமாவது கேளுங்கள். மூலம் இல்லாவிட்டாலும், உறுதியை எழுதிய சட்ட அலுவலரான நொத்தாரிசு அனுப்பிய இரண்டாம் படி காணிப் பதிவகத்தில் இருக்க இடமுண்டு. அவர் இறந்தபின் மாவட்ட நீதிமன்றத்தில் அவர் சொத்தைப் பற்றிய மரணசாசன வழக்கு நடந்திருந்தால் சொத்துப் பட்டியலும் இணைந்திருக்கும். ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு மகமை கொடுத்த வழக்கம் இருந்ததால், கோயில் பழைய கணக்குக் கொப்பிகளையும் பார்க்க முடியுமா என்று தர்மகர்த்தாவிடம் பணிவாகக் கேட்கலாம். இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கன்று அச்சிட்டு வழங்கிய, ‘கல்வெட்டு’ எனப்படும் நினைவுப் புத்தகங்களில் குடும்ப வரலாறு செய்யுளாகவோ உரைநடையாகவோ வரும். அவற்றில் பலவும், ‘இந்து சாதனம்’, ‘ஈழகேசரி’ போன்ற பழைய ஏடுகளும் நூலகம் நிறுவனத்தின் மின்தளத்தில் கிடைக்கின்றன. கப்பல் சாத்திரச் சுவடிகளைப் பற்றியும் சிலர் ஆர்வமாக எழுதிக் கேட்கிறார்கள். ஏரா எனப்படும் அடிமரத்தின் அளவு, மரத்தில் உள்ள கண்களின் பலன் என்று சுவையான செய்திகள் அவற்றில் உண்டு. குறிப்பிட்ட ஒரு கப்பலைத் தேட அவை பயன்படா.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த உத்தரம். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எண் என்றால் என்ன என்று விளங்காமல் சொல்லியிருந்தால் நீங்கள் பொருட்படுத்தியிருக்க மாட்டீர்கள். பதிவான ஒவ்வொரு கப்பலும் தன் அதிகாரபூர்வ எண்ணையும் டன் அளவையும் நடு உத்தரத்தில் வெட்டிப் பொறித்திருக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டில் கிடப்பது அந்த மரம்தானா, வேறு விட்டமா என்று எனக்குத் தெரியாது. ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரை ஏணி வைத்து ஏறச் சொல்லுங்கள். சுண்ணாம்பும் வண்ணப்பூச்சும் படிந்திருந்தால் சுரண்ட வேண்டாம், பொறிப்பு சிதைந்துவிடும். கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். மெல்லிய தாளை ஒட்டிவைத்துக் கரித்துண்டால் தேய்த்து, படமும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உத்தரத்தின் நான்கு பக்கமும் வேண்டும், சுவருக்குள் போகும் முனை உட்பட.