ஜப்பான் ரயில்: கேளுங்கள், சொல்கிறேன்

ஒசாகா பக்கம் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். ரயில் பைத்தியம். டிக்கெட், பெட்டி, பாதை என எதை வேண்டுமானாலும் கேளுங்கள். விசாவும் ஹோட்டலும் மட்டும் வேண்டாம்.

மலைக்கோட்டை: டோக்கியோவிலிருந்து கியோட்டோ, மறுபடி டோக்கியோ. ஏழு நாள். ஜேஆர் பாஸ் வாங்கிவிடவா?

வாங்காதீர்கள். ஜேஆர் ரயில்களில் குறிப்பிட்ட நாள்களுக்கு இஷ்டப்படி ஏறி இறங்கும் டிக்கெட்தான் ஜேஆர் பாஸ். 29,650 யென்னாக இருந்த ஏழு நாள் பாஸை 2023 அக்டோபரில் 50,000 ஆக்கிவிட்டார்கள். நீங்கள் போய்வரத் தனி டிக்கெட் எடுத்தால் 28,000 சொச்சம்தான். ஹிரோஷிமா வரை போய் வந்தாலே 40,000-ஐ ஒட்டித்தான் வரும். போதாததற்கு, பாஸ் இருந்தாலும் அந்தப் பாதையில் மிக வேகமான நொசொமி ரயிலில் ஏறத் தனியாகக் காசு கட்ட வேண்டும். காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வண்டிக்காரன்: ஃபுஜி மலை எந்தப் பக்கம் தெரியும்?

டோக்கியோவிலிருந்து போகும்போது வலப்பக்கம், 'ஈ' ஜன்னல் இருக்கை. ஏறி முக்கால் மணி நேரத்தில், ஷின் ஃபுஜி ஸ்டேஷன் பக்கம். மேகம் மறைத்தால் நான் பொறுப்பில்லை.

பாட்டிசொல்: நாங்கள் சுத்த சைவம். ரயிலில் என்ன சாப்பிடுவது?

காய்கறி மட்டும் தெரிகிற எகிபென் டப்பாவை, அதாவது ஸ்டேஷனில் விற்கும் சாப்பாட்டுப் பெட்டியை, நம்பாதீர்கள். பெரும்பாலும் அது தாஷியில், அதாவது மீன் சாற்றில் வெந்திருக்கும். புளியோதரை கட்டிக்கொண்டு ஏறுங்கள். ஷின்கான்செனில், அதாவது புல்லட் ரயிலில், சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நகர ரயிலில் வேண்டாம்.

நெல்லைச்சீமை: அம்மா அப்பாவுக்கும் சேர்த்து ஜேஆர் பாஸ் எடுக்கலாமா? கையில் நான்கு பெரிய பெட்டி வேறு.

பாஸுக்கு முதல் பதிலைப் பாருங்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ. தாண்டினால், கியோட்டோ போகிற ஷின்கான்செனில் அதற்கென்று உள்ள இருக்கையை முன்பே பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பதியாமல் ஏற்றினால் 1,000 யென் தண்டம். என்னைக் கேட்டால், பெட்டியைக் கூரியரில் அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடங்கள்.

குமரன்77: ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஸ்டேஷனையே திறந்து வைத்திருந்தார்களாமே?

வாட்ஸப்பில் வந்ததா? ஹொக்காய்டோ தீவின் கியூ ஷிரதாகி ஸ்டேஷன் அது. 2016 மார்ச்சில் மூடப்பட்டது உண்மை. ஆனால் அங்கே ஆண்டுதோறும் மார்ச்சில்தான் அட்டவணை மாறும், பள்ளி ஆண்டும் அப்போதுதான் முடியும். அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு ஸ்டேஷன்களையும் அதே நாளில் மூடினார்கள். ஆக, மூடிய தேதியை வைத்து மாணவிக்காகத்தான் என்று சொல்ல முடியாது.

சிங்கம்: ஒரு நிமிடம் தாமதமானால் ஓட்டுநருக்குத் தண்டனை. அதனால்தான் அங்கே ரயில் சரியாக ஓடுகிறது. நம் ஊரிலும் அப்படிச் செய்ய வேண்டும்.

இதை இப்படியே விட முடியாது. 2005 ஏப்ரல் 25, ஒசாகா பக்கத்து அமகசாகியில் ரயில் விபத்து. முந்தைய ஸ்டேஷனில் ரயில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. கிளம்பும்போது ஒரு நிமிடத்துக்கும் மேல் தாமதம். ஓட்டுநருக்கு வயது 23. முன்பு இதே தவற்றுக்காக அவரை 'மறுபயிற்சி'க்கு அனுப்பியிருந்தார்கள். பயிற்சி என்பது பேர்தான், மணிக்கணக்கில் அறிக்கை எழுத வைப்பதும் அவமானப்படுத்துவதுமாக நடந்தது அது. 70 கி.மீ. வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் அவர் 116-இல் நுழைந்தார். முதல் பெட்டி அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில் செருகிக்கொண்டது. அவரையும் சேர்த்து 107 பேர் செத்தார்கள். வேகத்தைத் தானாகக் குறைக்கும் கருவி அந்த வளைவில் இல்லை. தண்டனைப் பயம் இருந்தது, கருவி இல்லை!

சிங்கம்: ஒரு விபத்தை வைத்துப் பேசாதீர்கள் அண்ணே. ஒழுங்கு அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது.

ரத்தத்தில் இல்லை, தண்டவாளத்தில் இருக்கிறது. 1964-இல் டோக்கியோ-ஒசாகா இடையே டோகாய்டோ ஷின்கான்சென் போட்டபோது பழைய 1,067 மி.மீ. அகலப் பாதையைத் தொடாமல் 1,435 மி.மீ. அகலத்தில் தனிப்பாதை போட்டார்கள். அதில் லெவல் கிராசிங் கிடையாது, சரக்கு ரயிலும் ஓடுவதில்லை. டோக்கியோவின் நகர ரயிலில் காலை நெரிசலில் போய்ப் பாருங்கள், தாமதம் சகஜம். வாசலில் தாமதச் சீட்டு தருவார்கள். விரல் நீளத் துண்டுக் காகிதம், எத்தனை நிமிடம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டிருக்கும். ஆபீசில் காட்டலாம். என் மேஜை இழுப்பறையில் ஒரு கட்டே கிடக்கிறது.

சிங்கம்: சீட்டு தருவதே ஒழுங்குதானே?

அது சரி. அதை ஒப்புக்கொள்கிறேன்.

தூங்குமூஞ்சி: படுக்கை ரயில் உண்டா?

தினசரி ஓடுவது ஒன்றே ஒன்று, சன்ரைஸ். இரவு 21:50-க்கு டோக்கியோவில் கிளம்பும். பதினான்கு பெட்டி. விடியற்காலை ஒகயாமாவில் இரண்டாகப் பிரிந்து பாதி தகமாட்சுவுக்கும் பாதி இசுமோவுக்கும் போகும். இணைப்பைக் கழற்றுவதைப் பார்க்கக் கலைந்த தலையும் கேமராவுமாக ஒரு கூட்டம் பிளாட்பாரத்தில் இறங்கி நிற்கும். நானும் நின்றிருக்கிறேன். டிக்கெட் ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்குத் திறக்கும். அந்த நிமிடமே கையை வைக்க வேண்டும்.

அரிசிமூட்டை: அண்ணே, ஜேஆர் பாஸ்...

வேண்டாம்.

மலைக்கோட்டை: கணக்குப் போட்டேன், நீங்கள் சொன்னது சரி. அப்படியானால் பதினான்கு நாள் பாஸ்?

2023 உயர்வில் அது 80,000 ஆனது. நீங்கள் இருக்கப்போவது ஏழு நாள்.