என்டிபிசியின் பசுமை முதலீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்காக என்டிபிசி என்ற பொதுத்துறை மின் உற்பத்தி நிறுவனத்துக்கு மத்திய அரசு 20,000 கோடி ரூபாய் கொடுத்ததாகப் படித்தேன். இது நம் வரிப்பணமா?

இல்லை. 2025 ஜூலையில் பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு வழங்கியது பணம் அன்று, அனுமதி. பெரிய முதலீடுகளைத் தானே முடிவு செய்ய இடம் தரும் ‘மகாரத்னா’ தகுதி பெற்ற பொதுத்துறை நிறுவனமாக இருந்தாலும், துணை நிறுவனங்களில் எவ்வளவு பங்கு மூலதனம் போடலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான துணை நிறுவனமான என்டிபிசி கிரீன் எனர்ஜியிலும் அதன் கீழுள்ள நிறுவனங்களிலும் முதலிடுவதற்கு 7,500 கோடியாக இருந்த அந்த வரம்புதான் 20,000 கோடியாக உயர்த்தப்பட்டது. தொகையை என்டிபிசியே திரட்ட வேண்டும். அதன் வருவாயில் பெரும்பகுதி நிலக்கரி மின்சாரத்தை விற்று வருவது என்பது வேறு கதை.

மின் திட்டங்களில் கடனும் மூலதனமும் 70:30 என்ற விகிதத்தில் அமைவது வழக்கம். அந்தக் கணக்கில் 20,000 கோடி மூலதனத்தைக் கொண்டு ஏறத்தாழ 66,700 கோடி ரூபாய்த் திட்டங்களை எடுக்கலாம். எஞ்சிய 46,700 கோடி கடனாக வர வேண்டும். சூரிய மின் நிலையத்துக்கு எரிபொருள் செலவு இல்லாததால், அது விற்கும் ஒவ்வொரு யூனிட்டின் விலையிலும் வட்டிக்குப் பெரிய பங்கு இருக்கும்.

கேள்வி: 2032-க்குள் என்டிபிசியின் புதுப்பிக்கத்தக்க மின்திறன் 60,000 மெகாவாட் ஆகும் என்கிறார்கள். அப்படியானால் நிலக்கரி நிலையங்களை மூடிவிடலாமே?

நிறுவுதிறனை, அதாவது நிலையம் தரக்கூடிய உச்ச அளவை, மட்டும் வைத்து ஒப்பிடுவதால் வரும் குழப்பம் இது. 1,000 மெகாவாட் சூரிய மின் நிலையம் 22 சதவீதத் திறன் பயன்பாட்டில் ஆண்டுக்குச் சுமார் 193 கோடி யூனிட் தரும். அதே அளவுள்ள நிலக்கரி நிலையம் 70 சதவீதத்தில் இயங்கினால் சுமார் 613 கோடி யூனிட் தரும். போதாததற்கு, வீடுகளில் விளக்கும் குளிர்சாதனமும் ஒருசேர ஓடும் மாலை வேளையில் சூரிய உற்பத்தி இறங்கிவிடுகிறது. பேட்டரியும், மேலே ஏற்றி வைத்த நீரைத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின் நிலையமும் அந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்கு வளரும்வரை நிலக்கரி தொடரும். என்டிபிசியே புதிய நிலக்கரி அலகுகளையும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: 2024 நவம்பரில் வந்த என்டிபிசி கிரீன் எனர்ஜியின் பொதுப் பங்கு வெளியீட்டில் 108 ரூபாய்க்கு வாங்கினேன். திரட்டிய 10,000 கோடியும் புதிய நிலையங்களுக்குத்தானே?

முழுவதும் அல்ல. அதில் 7,500 கோடி, அதன் துணை நிறுவனமான என்டிபிசி ரினியூவபிள் எனர்ஜியின் கடனை அடைப்பதற்கு என வெளியீட்டின்போதே அறிவிக்கப்பட்டிருந்தது. அதில் தவறில்லை, பழைய கடன் குறைந்தால்தான் புதிய கடன் வாங்க இடம் கிடைக்கும். பங்கை வாங்குவதா விற்பதா என்று நான் சொல்வதற்கில்லை. ஆனால் அறிவிக்கப்படும் மெகாவாட்டைவிட, அதில் எவ்வளவுக்கு மின்கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது, எவ்வளவுக்கு மின்கடத்தல் இணைப்பு தயாராக இருக்கிறது என்ற இரண்டையும் ஒவ்வொரு காலாண்டிலும் பாருங்கள். குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள காவ்டாவில் 4,750 மெகாவாட் பூங்காவுக்கு என்டிபிசி அனுமதி பெற்றுள்ளது. அத்தகைய வறண்ட, ஆளரவமற்ற நிலத்திலிருந்து மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் கம்பித்தடம் தாமதமானால், கட்டி முடித்த நிலையமும் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள நேரும். ராஜஸ்தானில் 2025-இல் அதுவே நடந்தது.

கேள்வி: நிலம் கிடைக்காத இடத்தில் என்ன செய்வார்கள்?

நீர்த்தேக்கத்தைப் பயன்படுத்துவது ஒரு வழி. தெலங்கானாவின் ராமகுண்டத்தில் அனல் மின் நிலையத்தின் நீர்த்தேக்கத்தில் சுமார் 500 ஏக்கர் பரப்பில் 100 மெகாவாட் மிதவை சூரிய மின் நிலையம் 2022 முதல் இயங்குகிறது. ஏற்கெனவே உள்ள கம்பித்தடமும் அருகிலேயே கிடைக்கிறது. நீர் ஆவியாவதும் குறைகிறது.

கேள்வி: தமிழ்நாட்டில் இந்த நிறுவனத்தின் சூரிய மின் நிலையம் உண்டா?

உண்டு. தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரத்தில் 230 மெகாவாட் நிலையம் இயங்கி வருகிறது.