கொக்லியர் இம்பிளாண்ட் வைத்த பிள்ளையிடம் வீட்டில் எந்த மொழியில் பேசுவது?

பிள்ளைக்கு, காது கேட்பதற்காக உள்ளே கருவி வைக்கிற கொக்லியர் இம்பிளாண்ட் ஆபரேஷன் நடக்கப் போகிறது, ஸ்பீச் தெரபி சிங்களத்தில்தான் கிடைக்கும், அதனால் வீட்டிலும் சிங்களத்துக்கு மாறச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களைப் போல இலங்கை மலையகத்தில், தமிழ் மட்டுமே தாராளமாகப் புழங்கும் வீடு என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். மாறாதீர்கள். கொஞ்சலும் கோபமும் உங்களுக்கு எந்த மொழியில் தானாக வருகிறதோ அதிலேயே பேசுங்கள்.

நாங்கள் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நான் பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை, வீட்டுக்காரர் திரீவீல் ஓட்டுகிறார். மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் திருவிழாவில் தப்பு மேளம் அடித்தால் திரும்பிப் பார்ப்பான். அதை வைத்து, "காது நல்லா கேக்குது, பேச்சுதான் லேட்டா வரும்" என்று லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் சொன்னார்கள். தப்பின் அதிர்வு உடம்பிலேயே தெரியும், அதற்குக் காது வேண்டியதில்லை. தூங்க வைத்து, தலையில் வயர் ஒட்டி எடுக்கிற பெரா டெஸ்டில்தான் விஷயம் உறுதியானது.

ஆபரேஷனைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே வைக்கிற கருவி, வேலை செய்யாத உட்காதைத் தாண்டி நேராகக் கேட்கும் நரம்புக்கு மின்துடிப்பை அனுப்புகிறது. அந்தத் துடிப்பைப் பேச்சாகப் புரிந்துகொள்ள மூளை பழக வேண்டும். காயம் ஆறிச் சில வாரம் கழித்துத்தான் வெளி மெஷினை மாட்டி ஸ்விட்ச் ஆன் செய்வார்கள். எங்கள் பிள்ளை அன்றைக்கு மிரண்டு அழுதான். நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் அழுவார்கள், நீங்கள் பயந்துவிடாதீர்கள்.

கஷ்டம் அதற்கப்புறம்தான். எங்களுக்குக் கிடைத்த தெரபி மிஸ் நல்லவர், பொறுமைசாலி. ஆனால் தமிழ் தெரியாது. படத்தைப் பரப்பி வைத்து "பல்லா கோ?" என்று கேட்பார். நாய் எங்கே என்று நாங்கள் கேட்டால் உடனே தொட்டுக் காட்டுகிற பிள்ளை, அங்கே அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். ரிப்போர்ட்டில் சொற்களை அடையாளம் காணவில்லை என்று எழுதினார்கள். காதுக்கு வைத்த பரீட்சையா அது, சிங்களத்துக்கு வைத்த பரீட்சையா? வீட்டுக்காரருக்குக் கடைச் சிங்களம் தெரியும், எனக்கு அதுவும் இல்லை. அப்பாயிக்குச் சுத்தமாக வராது. சிங்களத்துக்கு மாறியிருந்தால் அவனோடு நாள் முழுக்கப் பேசுகிற ஒரே ஆள் வாயை மூடியிருப்பார். அப்பாயிதான் அடுப்பு மூட்டுவதில் இருந்து கீரை ஆய்வது வரைக்கும் எல்லாவற்றையும் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பார். இந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும். நம் பேச்சில் 'வீட்டுக்கு', 'வீட்டில', 'வீட்டோட' என்று அர்த்தம் மாறுவதெல்லாம் சொல்லின் கடைசியில்தான். அந்தக் கடைசி பெரும்பாலும் அமுங்கித்தான் ஒலிக்கும். திரும்பத் திரும்பக் கேட்டால்தான் பிடிபடும். அரைகுறைச் சிங்களத்தில் அதை எங்களால் கொடுத்திருக்க முடியாது.

சிங்களம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வராதீர்கள். ஒரு மொழி நன்றாக ஊன்றிய பிறகு இன்னொன்று வரும். என் மகன் இப்போது டவுன் பையன்களோடு கிரிக்கெட் விளையாடி சிங்களம் பழகுகிறான். சைகை மொழியையும் நான் குறை சொல்லவில்லை. அது முழுமையான மொழி. மெஷினைக் கழற்றினால் இவனுக்கு ஒன்றும் கேட்காது என்பதை நானும் மறக்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிப் பலன் வராது, வயதும் நரம்பின் நிலையும் பொறுத்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி ஆகிவிட்டது. இன்றைக்கும் கிளினிக் வாசலில் பெயர் கூப்பிடுவது சிங்களத்தில், ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கும் பாரம் சிங்களத்தில். என் பிள்ளையின் மண்டையைத் திறக்க, எனக்கு வாசிக்கத் தெரியாத தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் இருந்த கொழுந்து பறிக்கிற அக்காவுக்கும் அதே நிலைதான். இதைக் கேட்டால் நம்மைச் சண்டைக்காரி என்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முன்பே நிமோனியாக் கிருமிக்கான தடுப்பூசி பற்றிக் கேளுங்கள், மூளைக்காய்ச்சல் வராமல் இருக்க அது முக்கியம். வெளி மெஷினில் தலையோடு ஒட்டி நிற்கிற கொயிலும் (coil) அதன் கேபிளும் பழுதானால் என்ன விலை என்று எழுத்தில் வாங்குங்கள். நாட்சம்பளத்தில் வாழ்கிறவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. நம் ஊர் மூடுபனியில் மெஷினுக்குள் ஈரம் இறங்கும், இரவில் கட்டாயம் உலர்த்தும் பெட்டியில் வையுங்கள். சார்ஜ் பண்ணுகிற பேட்டரியை மட்டும் நம்பாதீர்கள். 2022 மின்வெட்டில் நாங்கள் பட்டது போதும். காலையில் மாட்டியதும் ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஆறு சத்தத்தையும் பின்னால் நின்று சொல்லி, திருப்பிச் சொல்கிறானா என்று பாருங்கள். ஒன்று விட்டுப்போனாலும் மெஷினையோ, துடிப்பின் அளவைப் பிள்ளைக்கு ஏற்றபடி வைக்கிற மேப்பிங்கையோ பார்க்க வேண்டும்.

கிளினிக்கில் சொல் பரீட்சை வைத்தால் தமிழில் வைக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தமிழ் வராவிட்டால், பிள்ளை உதட்டைப் பார்க்காதபடி ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு நீங்களே சொல்லைச் சொல்லுங்கள். சரியா தப்பா என்று அவர்கள் குறித்துக்கொள்ளட்டும். நாங்கள் அப்படிக் கேட்ட பிறகுதான் இவனுக்குச் சரியான ரிப்போர்ட் வந்தது.