அமாவாசைச் சோறும் கருங்கரடியும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் வடபகுதியில் வசிக்கும் என் மகளுடன் ஆறு மாதம் தங்கியிருந்தேன். மகாளய அமாவாசையன்று காகத்திற்காகச் சோறும் பருப்பும் நெய்யும் கலந்து, பின்புறத்து மரத்தளத்தில் வைத்தேன். காகம் வரவில்லை, மாலையில் ஒரு கருங்கரடி வந்து இலையோடு தின்றுவிட்டுப் போனது. அடுத்த இரண்டு நாளும் அது திரும்பி வந்து, பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தது. மகள் என்னைக் கடுமையாகக் கடிந்துகொண்டாள். நான் செய்தது அத்தனை பெரிய தவறா? (வாசகி, முலுண்ட் மேற்கு, மும்பை)

பதில்: அம்மா, தங்கள் மனம் நோகக்கூடாது, ஆனால் இந்த வழக்கில் நான் தங்கள் மகளின் பக்கம். கருங்கரடிக்கு உணவிடுவதை நியூ ஜெர்சி 2002-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடைசெய்துவிட்டது. மீறுவோருக்கு ஆயிரம் டாலர் வரை அபராதம் உண்டு. அறியாமல் வைத்தவருக்கு முதலில் எச்சரிக்கைதான் வழங்குவார்கள் என்பதால் தாங்கள் தப்பித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாங்கள் சோறு வைத்த காலமும் பொருந்தாத காலம். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அந்நாட்டுக் கருங்கரடி, குளிர்காலத்தில் குகையிலோ மரப்பொந்திலோ முடங்குவதற்காக உடலில் கொழுப்புச் சேர்க்கிறது. அந்நாட்களில் நாளொன்றுக்கு இருபதாயிரம் கலோரி வரை அது உண்ணக்கூடும். ஓக் மரத்தின் காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்று வயிறு நிரப்பும் விலங்கிற்கு நெய்ச்சோறும், பறவைகளுக்காகத் தொங்கவிடும் சூரியகாந்தி விதையும், இரவெல்லாம் வாசலில் நிற்கும் குப்பைத் தொட்டியும் அலையாமல் கிடைக்கும் விருந்து. உணவு கிடைத்த இடத்தைக் கரடி எளிதில் மறப்பதில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தாயுடன் திரியும் குட்டிகளும் அந்த இடத்தைக் கற்றுக்கொள்கின்றன. ஆகவே தாங்கள் வைத்த ஓர் இலைச் சோறு, அண்டை வீட்டாருக்கு அடுத்த ஆண்டும் தொல்லையாக முடியலாம். அந்தக் கரடி வீடுகளுக்குள் நுழையும் அளவுக்குத் துணிந்துவிட்டால், அதைச் சுட்டுக் கொல்வதைத் தவிர அதிகாரிகளுக்கு வேறு வழி இராமலும் போகலாம்.

பறவைகளுக்கு இரை வைப்போர் டிசம்பர் முதல் மார்ச் வரை, கரடிகளின் நடமாட்டம் குறைந்த மாதங்களில் மட்டும் வைக்கும்படி அம்மாநில வனவிலங்குத் துறையினர் கூறுகின்றனர். மகாளயம் அந்த மாதங்களில் வருவதில்லை. முன்னோருக்கான சோற்றை முலுண்டுக்குத் திரும்பிய பிறகு வையுங்கள். இங்கே காகங்களுக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: கரடிகள் பெருகிவிட்டன என்றால், பிடித்துத் தொலைவான காட்டில் விட்டுவிடலாம், அல்லது வேட்டையாடி எண்ணிக்கையைக் குறைக்கலாம். இவ்வளவு வசதி படைத்த நாட்டில் இதற்கு ஏன் தீர்வு காண முடியவில்லை? (வாசகர், செம்பூர்)

பதில்: அமெரிக்க மாநிலங்களுள் மக்கள் நெருக்கம் மிகுந்தது நியூ ஜெர்சி, சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 490 பேர். (மும்பைவாசிகளாகிய நமக்கு அது காலி மைதானம்தான்.) பழைய பண்ணை நிலங்கள் கைவிடப்பட்டு மீண்டும் காடாக மாறியதாலும், 1971-இல் வேட்டை நிறுத்தப்பட்டதாலும், அண்டை மாநிலமான பென்சில்வேனியாவிலிருந்து கரடிகள் வந்து சேர்ந்ததாலும், வடமேற்கு மலைப்பகுதியில் ஒடுங்கியிருந்த இனம் இன்று அம்மாநிலத்தின் 21 மாவட்டங்களிலும் தென்படுகிறது. ஒரு தாய்க்கரடி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குட்டி ஈனும். ஓர் ஈற்றில் மூன்று குட்டிகள் அங்கே சாதாரணம்.

பிடித்து வேறிடத்தில் விடும் யோசனைக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. விடை நம் மகாராஷ்டிர மாநிலத்திலேயே இருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், புணே மாவட்டத்து ஜுன்னார் வட்டாரக் கரும்புத் தோட்டங்களில் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டனர். அதன் பிறகு மனிதர் மீதான தாக்குதல் குறையாமல், சிறுத்தைகளை விட்ட இடங்களின் அருகே கூடியதை உயிரியலாளர் வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்ந்தோரும் பதிவு செய்துள்ளனர். கருங்கரடியோ வழி தேடித் திரும்புவதில் வல்லது; நூறு கிலோமீட்டருக்கு அப்பால் விட்டாலும் பழைய இடத்திற்கே வந்து சேர்ந்தவை உண்டு. திரும்பாவிட்டாலும், புதிய ஊரிலும் அது முதலில் தேடுவது குப்பைத் தொட்டியைத்தான்.

வேட்டையின் கதை அரசியல் கலந்தது. 2003-இல் நியூ ஜெர்சியில் வேட்டை மீண்டும் தொடங்கியது, இடையிடையே நின்றது, 2010 டிசம்பரில் ஒரே பருவத்தில் 592 கரடிகள் கொல்லப்பட்டன. வேட்டையை நிறுத்துவதாக வாக்களித்துப் பதவிக்கு வந்த ஆளுநர் ஃபில் மர்ஃபியின் காலத்தில் அது 2020-க்குப் பின் நின்றுபோனது. ஆனால் 2022-இல் முதல் பத்து மாதங்களில் கரடி பற்றிய புகார்கள் முந்தைய ஆண்டைவிட 237 விழுக்காடு கூடியதாகக் கணக்கு வரவே, அவரே அவ்வாண்டு நவம்பரில் மனம் மாறி, டிசம்பரில் வேட்டைக்கு வழிவிட்டார். விலங்கு நேயர்கள் நீதிமன்றத்தை நாடினர்.

எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வேட்டை பயன்படும் என்பதை நான் மறுக்கவில்லை. கருத்தடை ஊசி போன்ற மாற்று வழிகள், பரந்த காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஆயிரக்கணக்கான கரடிகளுக்கு இன்னும் கைகூடவில்லை. ஆனால் கரடிகளின் எண்ணிக்கையும் கரடியால் வரும் தொல்லையும் ஒரே கணக்கன்று. குடியிருப்புகளை ஒட்டித் துப்பாக்கியால் வேட்டையாடச் சட்டம் இடம் தராது. ஆதலால் வேட்டைக்காரரிடம் சிக்குவது பெரும்பாலும் காட்டுக்குள் திரியும் கரடி, குப்பைத் தொட்டிக்குப் பழகிய கரடியோ வீடுகளுக்கிடையே பத்திரமாக இருக்கிறது. ஓக் காய்கள் பொய்த்த ஆண்டில், எண்ணிக்கை கூடாமலே புகார்கள் பெருகும்.

கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரில் நடந்த ஓர் ஆய்வை இங்கே குறிப்பிட வேண்டும். கரடியால் திறக்க முடியாத பூட்டுத் தொட்டிகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வழங்கி, அவை வழங்கப்படாத பகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, குப்பையால் வரும் தொல்லை 60 விழுக்காடு குறைவாக இருந்தது. தொட்டியைக் கொடுத்தால் மட்டும் போதாது. பூட்ட வேண்டும், முந்தைய இரவே வெளியே வைக்காமல் வண்டி வரும் காலையில் வைக்க வேண்டும். தெருவில் பாதிப் பேர் பூட்டி மீதிப் பேர் திறந்துவைத்தால், திறந்த வீடுகள் கரடிக்கு மனப்பாடமாகிவிடும்.

செம்பூரில் இருக்கும் தங்களுக்கு இது புதிதல்ல. நகரத்தை ஒட்டி 104 சதுர கிலோமீட்டரில் விரிந்திருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலிருந்து ஆரே காலனிக்கும் தானேக்கும் சிறுத்தை வருவது பெரும்பாலும் தெருநாய்க்காக. தெருநாய் வருவது நம் கச்சராவுக்காக, அதாவது குப்பைக்காக. அங்கே நடுவில் நாய் இல்லை, கரடி நேரடியாக வருகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

கேள்வி: கரடியைக் கண்டால் மூச்சடக்கிப் படுத்துக்கொண்டால் தப்பலாம் என்று பள்ளியில் படித்தோமே, அது உண்மையா? (மாணவர், தாராவி)

பதில்: இரு நண்பர்களும் கரடியும் வரும் அந்தக் கதை நட்பைப் பற்றியது, அதை வனத்துறை அறிவுரையாகக் கொள்ளாதீர்கள். மரமேறிய நண்பனும் தப்பியிருக்க மாட்டான், ஏனெனில் கருங்கரடி நன்றாக மரமேறும். அமெரிக்கக் கருங்கரடியைக் கண்டால் ஓடாமல், உரக்கப் பேசி, கைகளை உயர்த்தி உருவத்தைப் பெரிதாகக் காட்டி, மெல்லப் பின்வாங்க வேண்டும். அரிதாக அது தாக்கினால், செத்தவர்போல் கிடக்காமல் கையில் அகப்பட்டதைக் கொண்டு எதிர்த்துப் போராட வேண்டும் என்பதே அங்குள்ள வல்லுநர்களின் அறிவுரை. நியூ ஜெர்சியில் கரடி தாக்கி மனிதர் இறந்ததாகப் பதிவான முதல் நிகழ்வு 2014-இல் காட்டுப்பாதையில் நடந்தது.

இந்த அறிவுரையை அப்படியே நீலகிரிக்குக் கொண்டுபோக வேண்டாம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கோயிலையும் ரேஷன் கடையையும் உடைக்கும் நம் ஊர்க் கரடி வேறு இனம்; கறையானும் தேனும் தேடித் திரியும் அது, திடீரென எதிர்ப்பட்ட மனிதரை அஞ்சித் தாக்கும், பெரும்பாலும் முகத்தையும் தலையையும். விடியலிலும் அந்தியிலும் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் தனியே நடக்காமல், நாலு பேராக, பேசிக்கொண்டே செல்லுங்கள்.