மெகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள்

பழைய வீடியோ கேம் கருவிகளை ஒப்பிட்டு நீங்கள் போடும் அட்டவணைக்காக, மெகா டிரைவ் 7.67 மெகாஹெர்ட்ஸ் (சிப் நொடிக்கு எத்தனை மில்லியன் சுழற்சி ஓடும் என்ற அளவு), சூப்பர் நின்டெண்டோ 3.58தான், அப்படியானால் அதன் திறன் பாதிதானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க. மெகா டிரைவின் முதன்மைச் சிப்பான 68000, நினைவகத்தை ஒருமுறை தொட்டுவரக் குறைந்தது 4 சுழற்சிகள் எடுக்கும். 6502 என்ற பழைய சிப்பின் வம்சத்தில் வந்த நின்டெண்டோ சிப்புக்கு ஒன்றே போதும். ஆனால் 68000 ஒரே தடவையில் 16 பிட் அள்ளும், மற்றது 8 பிட்தான். போதாக்குறைக்கு, உள் ரேமைத் தொடும்போது நின்டெண்டோ 2.68 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஆக, கணக்குப் போடுவதில் மெகா டிரைவ் கொஞ்சம் முந்தும், அவ்வளவுதான்.

அப்புறம், படம் வரைவது வேறு சிப்பின் வேலை. அங்கே கதை தலைகீழ்: நின்டெண்டோவின் வண்ணப் பலகையில் 256 நிறங்களுக்கு இடம், மெகா டிரைவில் 64. உங்கள் அட்டவணையில் படச் சிப்புக்குத் தனிப் பத்தி போடுங்கள்.